மார்ச் 31-க்குள் டென்டல் சேர் வாங்கினால் வரி குறையுமா?

கேள்வி (பல் மருத்துவர், ஈரோடு):
வணக்கம். சொந்தமாகப் பல் மருத்துவமனை நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு 54 லட்சம் ரூபாயாக இருந்த மொத்த வரவு, 2025-26 நிதியாண்டில் 62 லட்சத்தை எட்டும். வாடகை, சம்பளம், லேப் பில், வாரந்தோறும் வந்து செல்லும் சிறப்பு மருத்துவர்களின் கட்டணம் எல்லாம் சேர்ந்து செலவு 60 சதவீதம் ஆகிறது. புதிய வரி முறையில் இருக்கிறேன். ஆறு லட்சத்துக்கு இன்னொரு டென்டல் சேரை இந்த மாதமே வாங்கிவிட்டால் வரி கணிசமாகக் குறையும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டால் கணக்கு வழக்கே வேண்டாம் என்கிறார் உடன் படித்த நண்பர். எதைச் செய்வது?

பதில் 1 (ஆடிட்டர், கோவை):
முதலில் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். வரவு 50 லட்சத்தைத் தாண்டினாலும், ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் 75 லட்சம் வரை 44ஏடிஏ பொருந்தும். உங்களுக்கு அந்த வரம்பு 3.10 லட்சம். யுபிஐ ரொக்கமாகாது. ஆனால் தகுதி இருப்பதாலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவில் 31 லட்சத்துக்கு வரி கட்டுவீர்கள். உண்மையான லாபமோ 24.80 லட்சம். செஸ் உட்பட ஏறத்தாழ 1.93 லட்சம் ரூபாய் கூடுதலாகப் போகும். கணக்கு எழுதித் தணிக்கை செய்துகொள்வதற்கு ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு. எதில் நின்றாலும் மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியை முழுவதுமாகக் கட்டிவிடுங்கள்.

சேர் விஷயம் இன்னும் எளிது. 44ஏடிஏவில் தேய்மானத்தை (பொருளின் விலையை ஆண்டுதோறும் ஒரு பகுதியாகச் செலவில் காட்டுவது) தனியாகக் கழிக்கவே முடியாது. தணிக்கைக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் உண்டு. ஆனால் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். ஆக 45,000 ரூபாய் தேய்மானம், அதனால் மிச்சமாகும் வரி 14,040 ரூபாய். இதற்காக ஆறு லட்சத்தை இறக்கச் சொல்லும் பிரதிநிதிக்கு அவருடைய மார்ச் டார்கெட்தான் கவலை.

பதில் 2 (பல் மருத்துவர், மதுரை):
அந்தப் பாதித் தேய்மானத்துக்கும் சேர் மார்ச் 31-க்குள் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். பில் போட்டு, பிரிக்காத பெட்டியில் வராந்தாவில் கிடந்தால் பயனில்லை. தண்ணீர், கம்ப்ரசர் இணைப்புகள் முடிந்த தேதியுள்ள இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டையும், அதில் முதலில் சிகிச்சை பெற்றவரின் கேஸ் ஷீட்டையும் வைத்திருங்கள். நம் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது என்பதையும் விலை பேசும்போது மறக்க வேண்டாம்.

பதில் 3 (வரி ஆலோசகர், சேலம்):
சென்ற ஆண்டு வரவு 50 லட்சத்தைத் தாண்டியிருப்பதால், வந்து செல்லும் மருத்துவர் ஒருவருக்கு இந்த ஆண்டில் கொடுக்கும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கழிவுக்கு ஏற்கப்படாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் செலவு முழுவதுமே போய்விடும். பல கிளினிக்குகளில் மாலையில் கல்லாவிலிருந்தே எண்ணிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை உடனே நிறுத்திவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சேரை ஏப்ரலில் வாங்கிக்கொள்கிறேன். ஜனவரியில் செய்த கேப், பிரிட்ஜ் வேலைகளுக்கான லேப் பில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதை அடுத்த நிதியாண்டில் கொடுக்கலாமா?

பதில் 1 (ஆடிட்டர், கோவை):
கூடாது. லேப், உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாட்களிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களிலும் பணம் போய்ச் சேர வேண்டும். அதைத் தாண்டிய பாக்கி, கொடுக்கும் ஆண்டில்தான் செலவாக ஏற்கப்படும் என்கிறது 43பி(எச்) பிரிவு. பணம் கைமாறும்போது மட்டும் பதிவு செய்யும் முறையில் கணக்கு வைத்திருந்தாலும் முடிவு அதேதான். ஏப்ரலில் வாங்கும் சேருக்கு முழு 15 சதவீதம் கிடைக்கும். கையிலுள்ள பணத்தில் இப்போது லேப் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.