மாதம் 2 ஐடியா கட்டாயம், சிறந்ததற்கு 50 வெள்ளி: இது உருப்படுமா?

பாசிர்_பாஞ்சாங்:
சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கு. ஆன்லைன் ஆர்டர்களை ரேக்கிலிருந்து எடுத்து, பெட்டியில் போட்டு, லேபிள் ஒட்டி அனுப்பும் குழு. மொத்தம் 14 பேர். தமிழ், சீனம், மலாய், வங்காளம் எல்லாம் கலந்த ஆட்கள். மேலிடம் போட்டிருக்கும் திட்டம் இது: மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம் பிரெய்ன்ஸ்டார்மிங், அதாவது கூடிப் பேசி யோசனை திரட்டுவது. ஆளுக்கு மாதம் 2 யோசனை கட்டாயம். சிறந்த யோசனைக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பற்றுச்சீட்டு, சுவரில் படம். உருப்படுமா, படாதா? காரணத்தோடு சொல்லுங்கள். "கூடி உழைத்தால் கோடி நன்மை" மாதிரி போஸ்டர் வாசகம் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
உருப்படும், ஒரே ஒரு திருத்தத்தோடு. கேட்காத இடத்தில் யாரும் யோசனை சொல்வதில்லை. டொயோட்டாவில் 1951-லேயே ஊழியர் யோசனைத் திட்டம் வந்துவிட்டது. இங்கே 1981-இல் உற்பத்தித்திறன் இயக்கம், மறு ஆண்டே அதன் சின்னமாக டீமி தேனீ. அரசாங்க அலுவலகங்களில் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் என்று உட்கார வைத்தார்கள். சிரித்தவர்களும் உண்டு, ஆனால் யோசனை கேட்பது வேலையில் ஒரு பகுதி என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது. கட்டாயம் இல்லாமல் பழக்கம் வராது.

திருத்தம் பரிசில். 50 வெள்ளியை ஒருவருக்குக் கொடுத்தால் ஒருவர் ஜெயிக்கிறார், 13 பேர் தோற்கிறார்கள். அதை 5 வெள்ளியாக உடைத்து, நடைமுறைக்கு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் கொடுங்கள். சொன்னவருக்கு மட்டும் இல்லை, செய்து காட்டியவருக்கும் பங்கு.

மூன்றாம்_ஷிஃப்ட்:
கணக்குப்பிள்ளை ஐயா, 14 பேர், ஆளுக்கு 2, மாதம் 28. அதில் 20 எப்படி இருக்கும் என்று இப்போதே எழுதித் தருகிறேன். "ஃபேன் கூடுதலாக வேண்டும்." "டாய்லெட் சுத்தமாக வேண்டும்." "லைட் மங்கலாக இருக்கிறது." மாதக் கடைசியில், ஷிஃப்ட் முடிய 10 நிமிடம் இருக்கும்போது, பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியது. அவையெல்லாம் புகார். புகாருக்குத் தனி வழி வைக்க வேண்டும், இதில் கலக்கக் கூடாது.

அடுத்தது, ஒரு யோசனையை இடத்தில் போய்ப் பார்த்து, விசாரித்து, பதில் எழுத சூப்பர்வைசருக்கு 40 நிமிடமாவது வேண்டும். 28-க்கு 18 மணி நேரத்துக்கு மேல். அவருக்கு ஏது அந்த நேரம்? பாதிக்குப் பதில் வராது. பதில் வராத பெட்டியில் இரண்டாவது முறை யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். யோசனைப் பெட்டி சாவது இதனால்தான், பரிசு குறைவு என்பதால் இல்லை.

கட்டாயத்தை எடுத்துவிட்டு, வந்த சீட்டுக்கு 7 நாளில் பதில் என்று மேலிடத்தின் மேல் கட்டாயம் வையுங்கள். பதில் மூன்றே விதம்: செய்கிறோம், இந்தத் தேதி. சோதிக்கிறோம், இந்த மேசையில். இல்லை, இன்ன காரணம். "பரிசீலனையில் உள்ளது" என்ற சொல்லுக்கே தடை.

சிராங்கூன்_சித்ரா:
பரிசை விடுங்கள், அந்த ஒரு மணி நேரக் கூட்டமே கோளாறு. பிரெய்ன்ஸ்டார்மிங்கைப் பிரபலமாக்கிய அலெக்ஸ் ஆஸ்போர்ன் விளம்பரத் தொழிலில் இருந்தவர். விமர்சிக்காதே, நிறையச் சொல், கிறுக்குத்தனமானாலும் சொல், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டு என்பவை அவர் விதிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, சேர்ந்து பேசிய நால்வரைவிடத் தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தால் அதிக யோசனை இருந்தது. ஏன் என்பதை 1987-இல் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார், அந்தக் காத்திருப்பில் யோசனை மறந்துவிடுகிறது அல்லது சொல்லாமலே அடங்கிவிடுகிறது. முக்கியக் காரணம் அதுதான்.

அதனால் பேச வைக்காமல் எழுத வைக்க வேண்டும். பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் கொடுத்த 6-3-5 முறை: 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம். பிறகு தாளை வலப்பக்கம் தள்ள வேண்டும். வந்த தாளைப் படித்து அதன் கீழே இன்னும் 3. ஆறு சுற்றில் அரை மணி, 108 கட்டம் நிரம்பும். உங்கள் 14 பேரை 6, 6, 2 என்று பிரிக்காதீர்கள், அந்த இரண்டு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். 5, 5, 4 வையுங்கள். ஐவர் குழுவுக்கு 5 சுற்று, 25 நிமிடம்.

கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். "கிடங்கை எப்படி மேம்படுத்தலாம்" என்று கேட்டால் ஃபேன்தான் வரும். "ஸ்கேன் அடித்ததிலிருந்து டேப் ஒட்டும் வரை, கை சும்மா இருக்கும் இடம் எது, அதை எப்படி எடுக்கலாம்" என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சித்ரா, ஒருவர் தமிழில் எழுதிய தாள் அடுத்து சீனம் படிப்பவர் கைக்குப் போனால் அதன் கீழே என்ன எழுதுவார்?

சிராங்கூன்_சித்ரா:
நியாயமான கேள்வி. இந்த முறை இடறும் இடமும் அதுதான். இரண்டு வழி. மொழிவாரியாகக் குழு பிரிக்கலாம், ஆனால் அப்போது ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள். வரையச் சொல்வது மேல். பேக்கிங் மேசையின் படத்தை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். எதை எங்கே நகர்த்துவது என்று அம்புக்குறி போடட்டும். லேபிள் பிரிண்டர் மேசையிலிருந்து 6 எட்டு (காலடி) தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 12 எட்டு. ஒரு ஷிஃப்டில் 300 பெட்டி என்றால் 3,600 எட்டு, எட்டுக்கு 70 சென்டிமீட்டர் போட்டால் இரண்டரைக் கிலோமீட்டர். அம்புக்குறி ஒன்று போதும், எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

தே_ஓ_கோசோங்:
எல்லாரும் பேப்பர், பேனா, சுற்றுன்னு போறீங்க. ஆள் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்னு யாரும் கேக்கல. வெளிநாட்டுலேர்ந்து வேலை பெர்மிட்ல வந்திருக்கிற தம்பிக்கு, "இந்த மேசை வைச்ச விதம் தப்பு"ன்னு எழுதினா, அந்த மேசையை வைச்ச சூப்பர்வைசர்தான் அடுத்த வருஷம் புதுப்பிக்கலாமா வேண்டாமான்னு சொல்றவரு. எழுதுவானா? கையெழுத்தைப் பார்த்தே யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க லா.

டூல்பாக்ஸ் மீட்டிங்ல, அதான் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நடக்கிற சின்னக் கூட்டத்துல, சூப்பர்வைசர் முதல்ல பேசினா கதை முடிஞ்சது, மத்தவங்க தலையாட்டிட்டுப் போவாங்க. வேலைக்குப் புதுசா வந்தவர் முதல்ல, சூப்பர்வைசர் கடைசியில. யாராவது ஒண்ணு சொன்னா அவர் முதல் கேள்வி "எந்த இடத்துல, எத்தனை தடவை?"ன்னு இருக்கணும். "அது ஏற்கெனவே பார்த்தாச்சு"ன்னு ஒரு தடவை சொன்னா அடுத்த ஆறு மாசம் அமைதிதான்.

சிராங்கூன்_சித்ரா:
இதை மறுக்க மாட்டேன், அண்ணே. ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது நல்ல குழுக்களில்தான் அதிக மருந்துப் பிழை பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகமாகத் தவறு செய்ததால் அப்படி என்று சொல்ல முடியாது, மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஆனால் பெயரே இல்லாத சீட்டு என்றால் திரும்பி ஒரு சந்தேகம் கேட்க ஆள் இல்லை. பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) வரிசை எண் மாதிரி வையுங்கள். சீட்டின் இரு பாதியிலும் ஒரே எண், ஒன்றைக் கிழித்து எழுதியவர் வைத்துக்கொள்வார். பதிலும் சந்தேகமும் அந்த எண்ணின் கீழ் பலகையில் வரும். வெளியே வர விருப்பம் இருந்தால் அவரே வரட்டும்.

கணக்குப்பிள்ளை:
சீட்டும் வந்தது, படமும் வந்தது. யார் முடிவு செய்வது? 14 பேரைக் கையைத் தூக்கச் சொன்னால் நண்பனுக்குத்தான் தூக்குவார்கள். ஒரு விதி வையுங்கள்: செலவு 50 வெள்ளிக்குள், ஒரே ஷிஃப்டில் பழையபடி திருப்ப முடியும் என்றால், யாரிடமும் கேட்காமல் ஒரு மேசையில் செய்து பார்க்கலாம். மற்றதெல்லாம் மேலிடத்துக்கு.

மூன்றாம்_ஷிஃப்ட்:
"யாரிடமும் கேட்காமல்" என்பது ஆபத்து. பிரிண்டரை மேசைக்குக் கொண்டு வரலாம், பிளக் எங்கே? எக்ஸ்டென்ஷன் வயரை ஃபோர்க்லிஃப்ட் வழியில் இழுத்துப் போட்டால் நடைத்தூரம் மிச்சம், கால் முறிவு இலவசம். வேலை முறை குறிப்பிடத்தக்க அளவில் மாறினால் ரிஸ்க் அசஸ்மென்ட்டை (ஆபத்து மதிப்பீட்டை) மறுபடி பார்க்க வேண்டும் என்பது சட்டம், 3 வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் கெடு வரும் வரை காத்திருக்க முடியாது. ரேக், ஃபோர்க்லிஃப்ட் பாதை, மின்சாரம், அவசர வழி, இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி: இந்த ஐந்தும் தொடக்கூடாதவை என்று மேசை மேலேயே ஒட்டுங்கள். மீதியில் விளையாடட்டும்.

கணக்குப்பிள்ளை:
ஏற்றுக்கொள்கிறேன். சோதனையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மாற்றத்துக்கு முன் 5 நாள், மணிக்கு எத்தனை பெட்டி, எத்தனை தவறான லேபிள் என்று எண்ணுங்கள். பிறகு ஒரு மேசையில் மட்டும் இரண்டு வாரம். முதல் 3 நாள் எண்ணிக்கையைத் தூக்கிப் போடுங்கள், புதுசு என்பதாலும் மேலே இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதாலும் எல்லோரும் வேகமாக ஓடுவார்கள். 11.11 விற்பனை வாரத்தில் தொடங்கிவிடாதீர்கள், அப்போது எதை மாற்றினாலும் எண்ணிக்கை ஏறும்.

தே_ஓ_கோசோங்:
எண்ணிக்கை ஏறினா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

மூன்றாம்_ஷிஃப்ட்:
அண்ணன் சரியான இடத்தில் கை வைத்தார். கணக்கே போட்டுவிடுகிறேன். அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி, வாரம் 44 மணி நேரம் என்று வையுங்கள். 1,800-ஐ 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் மணிக்கு 9.44 வெள்ளி. ஓடிக்கு (OT, கூடுதல் நேர வேலைக்கு) ஒன்றரை மடங்கு, 14.16. நல்ல யோசனை ஒன்று தினம் அரை மணி நேர ஓடியைக் குறைக்கிறது. மாதம் 26 வேலைநாளில் 13 மணி நேரம். 184 வெள்ளி போச்சு, ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு மாதமும். சொன்னவருக்கு ஒரே ஒரு தடவை 50 வெள்ளி பற்றுச்சீட்டு. கூட வேலை செய்பவர்கள் அவரைக் கொண்டாடுவார்களா?

கணக்குப்பிள்ளை:
கணக்கு சரி. ஆனால் ஓடி நிரந்தர வருமானம் இல்லை, ஆர்டர் குறைந்தால் யோசனை இல்லாமலே போகும். வேகம் கூடினால் அதே ஆட்களை வைத்துக் கூடுதல் ஆர்டர் எடுக்கலாம், ஓடி அப்படியே இருக்கும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:
எடுக்கலாம். எடுப்போம் என்று எந்த முதலாளி சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடுவார்? "இந்த யோசனைகளால் ஆள் குறைப்பு இல்லை" என்ற ஒரு வரியைப் போடச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நாள் இழுக்கிறது என்று தெரியும்.

பாசிர்_பாஞ்சாங்:
கட்டாயத்தையும் 4 மணிக் கூட்டத்தையும் எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். கூட்டம் காலை ஷிஃப்ட் தொடக்கத்தில், 25 நிமிடம், படம் வரைந்து. எண் போட்ட சீட்டு, 7 நாள் பதில், தொடக்கூடாத ஐந்து: மூன்றும் சேரும். பரிசு விஷயத்தில் கணக்குப்பிள்ளையும் மூன்றாம்_ஷிஃப்டும் ஒத்துப்போகவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

ஓடி விஷயம் இடிக்கிறது. அதனால் முதல் கேள்வியை வேகத்தைப் பற்றி வைக்காமல், தவறான லேபிளால் திரும்பி வரும் பெட்டிகளைப் பற்றி வைக்கலாமா? அதைக் குறைத்தால் கூரியர் செலவும் வாடிக்கையாளர் திட்டும்தான் குறையும்.

தே_ஓ_கோசோங்:
திரும்பி வந்த பெட்டியைப் பிரிச்சு மறுபடி கட்டுறது யாரு, ஓடியிலதானே? ஆனா அந்த வேலை யாருக்கும் பிடிக்காது. அதுல ஆரம்பிங்க.