வெட்டப்படவிருக்கும் மாமரத்திலுள்ள ஆர்க்கிட் செடிகளைக் காக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்தில், எங்கள் ஊர்ச் சாலையோரம் நிற்கும் முதிர்ந்த மாமரம் ஒன்று சாலை விரிவாக்கத்துக்காக விரைவில் வெட்டப்படவிருக்கிறது. அதன் கிளைகளில் பதினைந்துக்கும் மேற்பட்ட காட்டு ஆர்க்கிட் செடிகள் பற்றியிருக்கின்றன.

சென்ற கோடையில் அவை மலர்ந்தபோது, மஞ்சள் கலந்த பழுப்பு இதழ்களில் கட்டம் போட்டாற்போன்ற கோடுகளும், நீலம் தோய்ந்த ஊதா நிறத்தில் உதடு போன்ற நடு இதழும், நல்ல மணமும் இருந்ததால், அவை வாண்டா டெசெல்லேட்டா என்னும் ஆர்க்கிட் இனமாகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். இரண்டு செடிகளில் மட்டும் நரிவால் போன்ற இளஞ்சிவப்புக் கொத்துகள் தொங்கின. அசாமின் மாநில மலரான ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசாவாக இருக்கலாம்.

ஊரில் பலர் இவற்றைப் புல்லுருவி என்கிறார்கள். உண்மையில் இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. பட்டையைப் பற்றிக்கொண்டு, மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் வேர்களால் ஈர்த்தே வாழ்கின்றன. தூசி போன்ற இவற்றின் விதைகளில் சேமித்த உணவு இல்லாததால், இயற்கையில் குறிப்பிட்ட பூஞ்சையின் துணையின்றி அவை முளைப்பதில்லை. ஆகவே இழந்தால் விதை தூவி மீட்பது எளிதல்ல.

வேர்கள் அறுபடாமல் பட்டையோடு பெயர்த்து அருகிலுள்ள வேறு மாமரத்தில் கட்டினால் பிழைக்குமா? பருவமழை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டுமா? வனத்துறையிடம் அனுமதி பெறும் முறையையும், ஏற்காட்டிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தை அணுகும் வழியையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். செடிகளைப் பறித்து விற்போர் இருப்பதால் சரியான இடத்தை இங்கே குறிப்பிடவில்லை.