கிரகணமும் உலக்கையும்: நிறுத்திப் பார்த்துவிட்டுப் பேசுவோமா?

திண்டுக்கல்காரன்: கிரகண நேரத்தில் மட்டும் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பார்கள்; அதை மூடநம்பிக்கை என்கிறீர்கள். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் எங்கள் ஊரில் வளையமாகவே தெரிந்தது. அன்று காலை அம்மா பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். பிடிமானமே இல்லாமல் நின்றது. தெருவே வந்து பார்த்தது. கிரகணம் விட்டதும் எடுத்து வைத்தோம். கண்ணால் கண்டதையும் நம்பக்கூடாதா?

வெண்ணிலா: நின்றதை யார் மறுத்தார்கள் சார்? மறுநாளும் நின்றிருக்கும் என்கிறேன். நிறுத்திப் பார்த்தீர்களா?

திண்டுக்கல்காரன்: மறுநாள் எதற்கு? கிரகணத்தன்றுதான் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் வந்து இழுக்கின்றன.

வெண்ணிலா: அமாவாசைதோறும் இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் இருக்கின்றன. அப்படிப் பார்த்தால் மாதாமாதம் நிற்க வேண்டுமே! கடலில் ஓதத்தை, அதாவது நீர்மட்ட ஏற்ற இறக்கத்தை, உண்டாக்கும் நிலவின் விசையே பூமியின் ஈர்ப்பில் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்குதான். ஆள் உயர உலக்கையை அது என்ன செய்யும்? அடி ஓரளவு தட்டையாக இருந்து, எடையின் மையம் அந்த அடிக்கு நேர் மேலே வந்தால் எந்த நாளும் நிற்கும்.

ஈரோடு முருகேசன்: நேற்று ஒரு கிரகணமும் இல்லை. நிறுத்திப் பார்த்தேன், பொத்தென்று விழுந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய வாத்தியார்: எவ்வளவு நேரம் முயன்றீர்கள் தம்பி? கிரகணத்தன்று விழுந்தால் ‘இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை’ என்று சொல்லித் திரும்பத் திரும்ப நிறுத்துகிறோம். மற்ற நாளில் ஒருமுறை விழுந்தாலே மூலையில் சாத்திவிடுகிறோம். இரண்டு நாளும் ஒரே பொறுமை இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அப்புறம், கிரகணம் விட்டால் தானாக விழும் என்கிறார்கள். திண்டுக்கல்காரர் ‘எடுத்து வைத்தோம்’ என்றுதானே எழுதியிருக்கிறார்?

திண்டுக்கல்காரன்: எடுத்தோம்தான், அதற்கென்ன? கடிகாரம் இல்லாத காலத்தில் பெரியவர்கள் கிரகணம் விட்டதை இதை வைத்துத்தான் அறிந்தார்கள். இதையெல்லாமா சோதிப்பது?

வெண்ணிலா: கடிகாரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

பழைய வாத்தியார்: அதே உலக்கை, அதே தாம்பாளம், அதே தரை. கிரகணம் இல்லாத நாளில் அரை மணி நேரமாவது விடாமல் முயல வேண்டும். நிறுத்துகிறவருக்கு அன்று கிரகணமா இல்லையா என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நம் ஊர் காலண்டரும் டிவியும் விடாது!

ஈரோடு முருகேசன்: எவ்வளவு நேரம் நின்றால் ‘நின்றது’ என்று கணக்கு? இப்போதே சொல்லுங்கள். பிறகு அவரவர் வசதிக்கு மாற்றக்கூடாது.

பழைய வாத்தியார்: ஒரு மணி நேரம். இரு தரப்புக்கும் அதே கணக்கு.

திண்டுக்கல்காரன்: சம்மதம். கிரகணம் இல்லாத நாளில் நிற்காது என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே வாசலில் அம்மாவையே நிறுத்தச் சொல்லி வீடியோ போடுகிறேன்.

வெண்ணிலா: வெட்டாத வீடியோவாகப் போடுங்கள் சார்.