பெங்களூரு லால்பாக் பூங்காவில் வலசைப் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் எங்கே தெரியும்?

கேள்வி: ஜெயநகரில் இருக்கிறோம். அக்டோபரில் அம்மாவை லால்பாக் கூட்டிப்போக ஆசை. அவரால் அதிகம் நடக்க முடியாது. எங்கே உட்காரலாம்?

பதில்: ஏரிக்கரையே போதுங்க. இமயமலைப் பக்கமிருந்து வரும் சாம்பல் வாலாட்டிக் குருவி தண்ணீர் ஓரமாகத்தான் திரியும்; அடிவயிறு மஞ்சள், வால் ஒரு நொடி ஓயாது. மரத்தில் ‘சிவீ’ என்று விடாமல் கேட்டால் அது இலைக்கதிர்க்குருவி. ஆள் லேசில் தென்படாது, காதாலேயே ரசிக்கலாம்.

இன்னொரு பதில்: வெயில் ஏறியதும் கிலுகிலுப்பைச் செடி இருக்கிறதா பாருங்க. மழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே போன நீலவரியன் பட்டாம்பூச்சிகள் அக்டோபர், நவம்பரில் திரும்பும். ஆண் பூச்சிகள் அந்தச் செடியின் வாடிய தண்டைக் காலால் கீறி உறிஞ்சும். பெண் பூச்சிகளை ஈர்க்கும் வாசனை அந்தச் சாற்றிலிருந்துதான் வருகிறது. கிட்டே போனாலும் பறக்காது, அவ்வளவு மும்முரம்!

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. கிலுகிலுப்பையை அம்மாவே கண்டுபிடித்துவிடுவார், ஊரில் பார்த்து வளர்ந்த செடி.