எஃப்.சி.க்குத் தமிழ் என்ன? சாலைத்தகுதி, தேறுதல், ஓடுதகுதி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். நான் பள்ளி ஆசிரியர், இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். (சித்தூர் என்றதும் ஆந்திரத்தை நினைத்துக்கொண்டு எனக்குத் தெலுங்கு தெரியுமா என்று கேட்பவர்கள் இந்தக் குழுவிலும் உண்டு. இது கள்ளுக்கும் தென்னைக்கும் பெயர்போன வேறு சித்தூர்.) என் தம்பி ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறான், தேங்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்வருகிறான். வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தரும்படி அவனும் ஸ்டாண்டுக்காரர்களும் கேட்டார்கள். இங்கே மலையாளம் எல்லோருக்கும் பேச வரும். படிப்பது என்று வந்தால், தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்களுக்கு எழுத்து எழுத்தாகக் கூட்ட வேண்டியிருக்கிறது.

எழுத உட்கார்ந்தேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். வண்டி ஓடத் தகுந்த நிலையில் இருக்கிறது என்று சோதித்துத் தரும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டைத் தமிழ்நாட்டு வண்டிக்காரர் "எஃப்.சி." என்கிறார். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே காகிதம் "சி.எஃப்." ஆகிவிடுகிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது கேரளத்து வரிசை, சர்டிஃபிகேட் ஆஃப் ஃபிட்னஸ். பேச்சில் எளிதாக வருவது தமிழ்நாட்டு வரிசை. எங்கள் ஸ்டாண்டில் இரண்டு மாநிலப் பதிவெண் வண்டிகளும் நிற்கின்றன. தலைப்பில் எதைப் போட்டாலும் பாதிப்பேர் அது தங்களுக்கு இல்லை என்று நினைப்பார்கள்.

"சாலைத்தகுதிச் சோதனை" என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து:

ஆசிரியருக்கு,

"தகுதிச் சான்று" என்ற சொல் அரசுத் தாள்களில் இருக்கிறது, நாளிதழ்களிலும் நாள்தோறும் வருகிறது. உள்ள சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவது இந்தக் குழுவின் தீராத நோய். முப்பது ஆண்டுகள் பட்டறைத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன்: வண்டிக்காரருக்கு எஃப்.சி. போதும், அலுவலகத்துக்குத் தகுதிச் சான்று போதும். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சாலைத்தகுதி என்று பார்த்ததும் சாலை நன்றாக இருக்கிறதா என்று யாரோ சோதிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். "சாலையின் தகுதி" என்றும் விரியுமல்லவா? தவிரவும் எங்களுக்கு அது வீதி. வீதித்தகுதி என்று மாற்றினாலும் அதே சிக்கல்தான், குழி விழுந்த வீதிக்கு ஏது தகுதி!

நகரியிலிருந்து:

ஐயா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் எஃப்.சி. என்றே சொல்கிறோம். என் கருத்து: தகுதியை விட்டுவிட்டுத் "தேறு" என்ற வினையை எடுக்கலாம். பரீட்சையில் தேறினான், காய்ச்சலிலிருந்து தேறினான் என்கிறோம். வண்டியும் சோதனையில் தேறுகிறது. ஆகவே "தேறற் சான்று".

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நகரித் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்த கையோடு. தேறல் என்றால் தெளிந்த கள். சங்க காலத்திலிருந்து அதுதான் பொருள். கேரளத்தின் கள்ளுக் கடைகளுக்குக் கள் போவது எங்கள் சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்து. இங்கே ஒருவர் "தேறற் சான்று" என்று ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறாக இருக்கும். "தேற்றம்" என்று மாற்றலாம் என்றால் அதைக் கணக்கு வாத்தியார்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் தம்பி வினையிலிருந்து தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு மறுபடி வருகிறேன்.

> உள்ள சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவது

கோவை ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். தகுதிச் சான்று காகிதத்தின் பெயர். காகிதத்துக்குப் பெயர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதம் எதைச் சான்று சொல்கிறதோ அந்த நிலைக்குத்தான் பெயர் இல்லை. "தகுதி" என்று மட்டும் எழுதினால் யாருடைய தகுதி? ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிய எனக்கும் தகுதி, ஓட்டுநருக்கும் தகுதி, கடன் வாங்குகிறவருக்கும் தகுதி. "தகுதி இழந்த வண்டி" என்று எழுதிப் பார்த்தேன், தேர்தலில் வேட்புமனு தள்ளுபடியான வண்டி போல இருந்தது.

காகிதமும் நிலையும் வேறு என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். எங்கள் ஸ்டாண்டில் ஒருவர், பெயர் வேண்டாம், சோதனைக்கு முதல் நாள் தன் வண்டியின் வழுக்கை டயர்களைக் கழற்றிவிட்டு மச்சினன் வண்டியிலிருந்த நல்ல டயர்களை மாட்டிக்கொண்டார். விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாம் சரி. ஒளிரும் பட்டை புதிதாக ஒட்டியிருந்தது. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளும் கையில் இருந்தது. சான்று கிடைத்துவிட்டது. மாலையில் டயர்கள் மச்சினன் வண்டிக்குத் திரும்பிப் போயின. இப்போது தகுதிச் சான்று இவரிடம் இருக்கிறது. தகுதி மச்சினனிடம் இருக்கிறது.

இது ஸ்டாண்டுக் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். சட்டமே இந்த வேறுபாட்டைச் செய்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, சான்று இல்லாத போக்குவரத்து வண்டியின் பதிவே செல்லாது என்கிறது. அதே பிரிவு, சான்று வாங்கிய வண்டி பிறகு சட்டமும் விதிகளும் கேட்கும் நிலையில் இல்லை என்று தெரிந்தால் அந்தச் சான்றை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்றும் சொல்கிறது. அப்படியென்றால் நாள் முடியாத சான்று கையில் இருக்கும்போதே வண்டி அந்த நிலையை இழந்துவிட முடியும். இழந்தது எதை? அந்த "எதை"க்குத்தான் சொல் கேட்கிறேன்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் உறைக்காது. அவர்களுக்குப் பதிவுச் சான்றே 15 ஆண்டுகளுக்கு எல்லாமாக இருந்துவிடுகிறது. அதன் பிறகுதான் ஆய்வு, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. சரக்கு வண்டி, டாக்சி, பஸ் ஓட்டுகிறவர் புது வண்டிக்கு 2 ஆண்டு நிம்மதியாக இருக்கலாம். பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதைத் தாண்டினால் ஆண்டுதோறும். என் தம்பியின் வண்டிக்கு வயது 11. அவனுக்கு இது ஆடி, தை போல வருகிற மாதம்.

இனி வினை. வண்டிக்குத் தமிழில் உயிரான வினை ஒன்றுதான்: ஓடு. "வண்டி ஓட்டத்தில் இருக்கிறது" என்றால் நல்ல நிலையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் புரியும். ஆகவே ஓடு + தகுதி, ஓடுதகுதி. ஓடுதளம், ஓடுபாதை என்று விமான நிலையத்தில் இருப்பதைப் போன்ற வினைத்தொகை. ஒற்று மிகாது, "ஓடுத்தகுதி" அல்ல.

வினைத்தொகை என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. வினைத்தொகையில் காலம் மறைந்திருக்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறேன்: ஓடிய, ஓடுகின்ற, ஓடும். சோதனையும் அப்படித்தான். ஓடிய ஓட்டத்தில் தேய்ந்ததைப் பார்க்கிறார்கள். இன்றைய பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார்கள். வரப்போகும் ஆண்டுக்குச் சான்று தருகிறார்கள். மூன்று காலத்தையும் ஒரு சொல்லுக்குள் மடித்து வைக்க நம்மிடம் இலக்கணமே இருக்கும்போது, சாலையையும் வீதியையும் ஏன் இழுக்க வேண்டும்?

எதிர்மறைதான் ஒரு கலைச்சொல்லுக்கு உண்மையான சோதனை. தகுதி "தகு" என்ற வினையிலிருந்து வந்தது. ஆகவே ஓடத்தக்க வண்டி, ஓடத்தகாத வண்டி. "ஓடத்தகாத வண்டியில் ஆள் ஏற்றாதீர்" என்று எழுதினேன். தம்பி படித்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். இதற்கு முன் நான் எழுதிக் கொடுத்த எதற்கும் அவன் ஒரு முறையாவது முகம் சுளிக்காமல் இருந்ததில்லை. மலையாளத்திலும் வண்டி ஓடத்தான் செய்கிறது, அதே "ஓடு". ஆகவே ஸ்டாண்டில் இருக்கும் மலையாளிகளுக்கும் சொல்லிப் பார்த்தேன். முதல் பாதி உடனே புரிந்தது, இரண்டாம் பாதியை நான் விளக்கினேன். சாலைத்தகுதியைச் சொன்னபோது ஒரு பெரியவர், பஞ்சாயத்துக்கு மனுக் கொடுப்பதாக இருந்தால் தன் வீட்டு முன்னால் இருக்கும் குழியையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டார். யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது அப்படியே பலித்தது.

மற்றச் சொற்களில் நான் அதிகம் கைவைக்கவில்லை. பிரேக், பிரேக்காகவே இருக்கட்டும். மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் நெடுங்காலமாகப் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றே அழைக்கிறார்கள். அவர் செய்கிற வேலையில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பிடித்து மக்களே வைத்த பெயர். நாம் பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்தாலும் அதைவிடப் பொருத்தமாக வைத்துவிட மாட்டோம். இப்போது வருகிற தானியங்கிச் சோதனை நிலையங்களில் சக்கரங்களை உருளைமேல் ஏற்றிப் பிரேக்கின் பிடியை இயந்திரமே அளக்கிறது. (அவற்றுக்கான விதிகள் 2021இல் வந்தன.) அங்கே அளக்கும் வேறு இரண்டுக்குப் பட்டறையில் நல்ல தமிழே இருக்கிறது: ஸ்டியரிங் மூட்டுகளில் இருக்கும் தளர்ச்சிக்கு "ஆட்டம்", நேராகப் போகாமல் வண்டி ஒரு பக்கம் போவதற்கு "இழுப்பு". ஆட்டம் பார்த்தல், இழுப்பு பார்த்தல் என்று அப்படியே எழுதிவிட்டேன்.

ஒரே ஓர் இடத்தில் ஆசை மீறிவிட்டது. புறநானூற்று 102ஆம் பாட்டில் உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சுக்குச் "சேம அச்சு" என்று பெயர். அதைப் பின்பற்றி ஸ்டெப்னிக்குச் "சேமச் சக்கரம்" என்று எழுதினேன். அதைத் தம்பி சேமியா என்று படித்தான். அடித்துவிட்டு ஸ்டெப்னி என்றே எழுதினேன்.

ஆக, என் முன்மொழிவு: நிலை, ஓடுதகுதி. சோதனை, ஓடுதகுதி ஆய்வு. காகிதம், ஓடுதகுதிச் சான்று; கோவை ஐயாவின் தகுதிச் சான்று அதன் சுருக்கமாக இருந்துவிட்டுப் போகட்டும். வண்டிக் கதவில் எழுதுவதற்கு "ஓடுதகுதி இன்ன தேதி வரை" என்றால் போதும், இடமும் அடங்கும்.

கோவையிலிருந்து:

கோபம் இல்லை. டயர் கதை நான் பார்க்காத கதையும் இல்லை. நிலைக்கு ஒரு சொல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடத்தகாத என்பது நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கடைசி வரியில் உங்களை நீங்களே கவிழ்த்துக்கொண்டீர்கள். சான்றுக்கு நாள் உண்டு, நிலைக்கு நாள் கிடையாது என்றுதானே இவ்வளவு நேரம் வாதாடினீர்கள்? அப்புறம் கதவில் "ஓடுதகுதி இன்ன தேதி வரை" என்றால் எப்படி? அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு வண்டி படுத்துவிடுமா? கதவில் "சான்று இன்ன தேதி வரை" என்று எழுதுங்கள்.

வேறொன்று. விமானத்துக்கும் கப்பலுக்கும் இதே போலச் சொல் வேண்டும் என்று நாளை யாராவது வருவார்கள். பறதகுதி, மிததகுதி என்றா சொல்வீர்கள்? நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

நகரியிலிருந்து:

தேறலைக் கைவிடுகிறேன் ஐயா. இங்கே அம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். இதைத்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிக்கிறாயா என்று திட்டு விழுந்தது.

ஓடுதகுதிக்கு என் ஆதரவு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கோவை ஐயா பிடித்தது சரியான பிடி. கதவு விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டி வைத்திருக்கும் ஒருவர், நான் தம்பிக்குக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, கதவில் எஃப்.சி. என்று இருந்ததை அழிக்கச் சொல்லிப் பெயின்டரிடம் புதுச்சொல்லை எழுதக் கொடுத்துவிட்டார். நேற்று மாலை ஸ்டாண்டுக்குப் போனால் வண்டி நிற்கிறது. மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல், கை நல்ல கை. ஆனால் கதவின் கைப்பிடி நடுவில் வந்ததால் பெயின்டர் சொல்லை இரண்டாகப் பிரித்திருக்கிறார். கைப்பிடிக்கு இந்தப் பக்கம் "ஓடு". அந்தப் பக்கம் "தகுதி", அதன் கீழே தேதி.

ஏறுவதற்காக அந்தக் கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும் "ஓடு" என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றுதான் ஏறுகிறார்கள். பெயின்டரிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வந்து சேர்த்து எழுதுவதாகச் சொன்னார். "சான்று" என்றும் சேர்க்கச் சொன்னேன், ஐயா. அதற்குத் தனிக் கூலி கேட்கிறார்.

விமானத்தை விமானக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.