பி0155: சென்சார் மாற்றிய பிறகும் அதே எரர் வருகிறது, உதவுங்கள்

பிளாட்சிக்ஸ் (கேள்வி):

வணக்கம். கார் 2001 போர்ஷே பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர். செக் எஞ்சின் விளக்கு எரிந்ததும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். பி0155 மட்டும்தான். பேங்க் 2 (எஞ்சினின் இரண்டாவது சிலிண்டர் வரிசை), சென்சார் 1 (அந்த வரிசையின் முன் ஆக்ஸிஜன் சென்சார்), அதைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடம் பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கிறது. சூடேறிவிட்டால் வண்டி நன்றாகவே ஓடுகிறது. வெகுநேரம் ஐடிலில் நின்றால் மட்டும் ஆர்பிஎம் லேசாக ஏறி இறங்குகிறது.

படம் பார்த்து, பேங்க் 2 என்பது வலப்பக்கம் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் புதிதாகப் போட்டேன். எரரை அழித்தேன். இரண்டே நாளில் அதே பி0155. புதிய சென்சாரே பழுதா, இல்லை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டதா? ஈசியூவில் கை வைக்கும் முன் வேறு எதைப் பார்க்கலாம்?

மின்கம்பி:

ஈசியூவைக் கடைசியில் வையுங்கள். முதலில் ஃபியூஸ். ஆனால் உங்களுக்கு ஒரே ஒரு சென்சாருக்குத்தான் எரர் வருகிறது. ஹீட்டர்களுக்குப் பொதுவாக வரும் ஃபியூஸ் போயிருந்தால் மற்ற மூன்று சென்சார்களின் ஹீட்டர் எரர்களான பி0135, பி0141, பி0161 எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். அதனால் ஃபியூஸ் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

மல்டிமீட்டர் இருக்கிறதா? நாலு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இரண்டு வயர் வரும், பெரும்பாலும் வெள்ளை. அதுதான் ஹீட்டர். கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் அந்த இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஆறிய நிலையில் சில ஓம் காட்ட வேண்டும். எல்லையே இல்லாமல் காட்டினால் உள்ளே இழை அறுந்துவிட்டது. வயரிங் பக்கம் ஒரு பின்னில் பேட்டரி வோல்ட் வர வேண்டும், எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். மற்றதை ஈசியூ கிரவுண்ட் செய்து ஹீட்டரை இயக்கும்.

பிளாட்சிக்ஸ்:

நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன். வயரிங்கில் 13.8 வோல்ட் வருகிறது. புதிய சென்சார் ஹீட்டர் 9 ஓம். ஒன்று புரியவில்லை. கழற்றிய பழைய சென்சார் பெட்டியிலேயே கிடந்தது, அதையும் அளந்தேன். அதுவும் 9 ஓம்தான் காட்டுகிறது!

ஸ்பேனர்22:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் வந்துவிட்டது. பழைய சென்சாரின் ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்றால், நீங்கள் நல்லதைக் கழற்றிவிட்டீர்கள். பேங்க் 2 வலப்பக்கம் என்று எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? 911 படமா?

பிளாட்சிக்ஸ்:

ஆமாம், 996 படம், அந்தக் காலத்து 911. இரண்டிலும் எம்96 எஞ்சின் குடும்பம்தானே என்று அதையே பார்த்தேன்.

ஸ்பேனர்22:

அங்கேதான் மாறியது. 911-ல் எஞ்சின் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பாக்ஸ்டரில் கியர்பாக்ஸுக்கு முன்னால். எஞ்சினை அப்படியே திருப்பி வைத்த மாதிரி. 911-ல் இடப்பக்கம் இருக்கும் 1, 2, 3 சிலிண்டர்கள் பாக்ஸ்டரில் வலப்பக்கம் வந்துவிடும். முதல் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுதான் பேங்க் 1. எந்த கார் ஆனாலும் இதுதான் விதி. டிரைவர் பக்கம், பயணி பக்கம் என்று மனப்பாடம் செய்தால் கட்டாயம் தப்பும்.

என் சொல்லையும் நம்ப வேண்டாம், வண்டியையே கேளுங்கள். வலப்பக்கம் முன் சென்சாரின் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். சாதாரணமாக முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். கழற்றியது எதுவோ அது 0.45 பக்கத்தில் அசையாமல் நின்றுவிடும். எந்த பேங்க் எண் நிற்கிறது என்று பாருங்கள்.

பிளாட்சிக்ஸ்:

நின்றது பி1எஸ்1, அதாவது பேங்க் 1, சென்சார் 1! அப்படியென்றால் பேங்க் 2 இடப்பக்கம்தான். அடுத்து இடப்பக்கம் முன் சென்சாரின் ஹீட்டரை அளந்தேன். மீட்டரில் ஒன்றுமே இல்லை, ஓபன்.

இனி அதைக் கழற்ற வேண்டும். வலப்பக்கம் சுலபமாக வந்தது. இது அசையவே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து கழற்றிய பழைய சென்சார்தான் நன்றாக இருக்கிறதே, அதையே இங்கே போட்டுவிடலாமா?

மின்கம்பி:

தற்காலிகமாக ஓடும், ஆனால் வேண்டாம். இருபது வருடப் பழசு, ஹீட்டர் நன்றாக இருந்தாலும் முனை மந்தமாகியிருக்கும். ஒரு பக்கம் புதிது சட்டென்று பதில் சொல்லும், மறுபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். பிறகு சென்சார் மந்தம் என்று பி0153 வந்து மறுபடியும் கீழே படுக்க வேண்டியிருக்கும். முன் சென்சார் இரண்டையும் ஜோடியாக மாற்றுவதுதான் முறை. இன்னொரு புதிது வாங்குங்கள்.

என் கருத்து, நாலையுமே மாற்றிவிடலாம்.

ஸ்பேனர்22:

நாலும் தேவையில்லை. முன்னால் இருப்பவைதான் கலவையைக் கட்டுப்படுத்துகின்றன. பின்னால் இருப்பவற்றின் முக்கிய வேலை கன்வர்ட்டரைக் கண்காணிப்பது. எரர் இல்லை, வோல்ட் நிலையாக நிற்கிறது என்றால் விட்டுவிடுங்கள். பின் சென்சாரும் முன்னது மாதிரியே ஆடினால் சந்தேகம் கன்வர்ட்டர் மேல், அதற்கு பி0420, பி0430 என்று தனி எரர் வரும்.

கழற்றுவது பற்றி. முதலில் வண்டி ஜாக் ஸ்டாண்டில் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள், வெறும் ஜாக்கை நம்பி கீழே போகாதீர்கள். முந்தின ராத்திரியே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். காலையில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. ஓபன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், சென்சாரின் நட்டு மூலைகளைத் தின்றுவிடும். வயர் போக வெட்டு விட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட் வாங்குங்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற சென்சார், வயரை வெட்டிவிட்டு முழு ரிங் ஸ்பேனரே மாட்டலாம். கொஞ்சம் இளகியதும் ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய். மரை கிறீச்சிட்டால் நிறுத்துங்கள். மேனிஃபோல்டின் மரை கெட்டால் எம்18 x 1.5 டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

மின்கம்பி:

போடும்போது இரண்டு விஷயம். புதிய சென்சாரின் மரையில் ஏற்கெனவே பசை தடவியிருந்தால் மேலே எதுவும் தடவ வேண்டாம். முனையில் விரல்கூடப் படக்கூடாது, சிலிக்கோன் பசை எதுவும் அருகில் வேண்டாம், சிலிக்கோன் ஆவி முனையைக் கெடுக்கும். கனெக்டருக்குள் கிரீஸோ கிளீனரோ அடிக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயர் வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. வயரை சால்டர் செய்யக்கூடாது என்பதும் அதனால்தான்.

பிளாட்சிக்ஸ்:

முடிந்தது. ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறியது, காலையில் நீளக் கைப்பிடி போட்டதும் 'டப்' என்று இளகியது. முதல் மூன்று மரையில் கறுப்பும் துருவுமாக ஒட்டியிருந்தது, டேப் விட்டேன். புதிதைக் கையாலேயே கடைசி வரை சுற்றினேன், பிறகு டார்க் ரெஞ்சில் 45 நியூட்டன் மீட்டர். முதலில் இறுக்கிவிட்டுத்தான் கனெக்டரைச் சேர்த்தேன், அதனால் வயர் முறுக்கிக்கொள்ளவில்லை. வயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டி எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிவைத்தேன்.

காலை ஸ்டார்ட்டில் வாடை நன்றாகக் குறைந்துவிட்டது. லைவ் டேட்டாவில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஆடுகின்றன. இரண்டு நாள் ஓட்டியாயிற்று, பி0155 வரவில்லை. ஹீட்டர் மானிட்டர் (ஈசியூ தானே செய்துபார்க்கும் சோதனை) 'முடிந்தது' என்று காட்டுகிறது, கன்வர்ட்டர் மானிட்டர் மட்டும் இன்னும் முடியவில்லை.

ஸ்பேனர்22:

அதற்குக் கொஞ்சம் நேரமாகும். ஒரே சீரான வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டினால்தான் அந்தச் சோதனை ஓடி முடியும். அதுவரை பேட்டரியைக் கழற்றாதீர்கள், எரரை மறுபடியும் அழிக்காதீர்கள், இரண்டும் எல்லா மானிட்டரையும் முதலிலிருந்து தொடங்கவைத்துவிடும்.

பிளாட்சிக்ஸ்:

சரி அண்ணா, தொடவில்லை. முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.