'அப் இன் தி ஏர்' பார்த்த பயணிகளே, உங்கள் அனுபவம் என்ன?

டாலஸ், மென்பொருள் ஆலோசகர்

ஊர் ஊராகப் பறந்து போய், மற்ற கம்பெனிகளின் ஆட்களை வேலையை விட்டு நீக்குகிறவனாக ஜார்ஜ் குளூனி நடித்து 2009-ல் வந்த 'அப் இன் தி ஏர்' படத்தைப் பற்றி, வாரா வாரம் பறக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க பொழப்பை அப்படியே எடுத்திருக்கான்" என்று ஒருவர் சொல்வார். அடுத்தவருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கும். இந்த இரண்டு பேரையும் ஒரே நாளில் எதிரெதிரே பார்த்தேன்.

சிகாகோ ஓஹேர் விமான நிலையம், கோடைக்கால இடிமழை. ஓமஹா போகும் விமானம் தள்ளிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்தவர் மருத்துவக் கருவி விற்பவர், ஐம்பதைத் தாண்டிய அமெரிக்கர். படத்தில் குளூனியின் கம்பெனி இருப்பது ஓமஹாவில்தான் என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். முதலில் வரும் பெட்டி அடுக்கும் காட்சியை மடியில் இருந்த பையைத் திறந்தே விளக்கினார்: சட்டை இப்படி, பெல்ட் ஓரத்தில் சுற்றி, ஷூவுக்குள் சாக்ஸ். அந்தப் படத்துக்குப் பிறகுதான் தன் மனைவிக்குத் தன் வேலை புரிந்ததாம்.

எதிரே இருந்த ஆடிட்டர் அம்மா புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பினார். "அவனுக்கு வீட்டில் யாரும் இல்லை, அதனால் விமான நிலையம் சொர்க்கம். எனக்கு வீட்டில் ஆள் இருக்கிறது. தயவுசெய்து அவனோடு என்னைச் சேர்க்காதீர்கள்" என்றார். போர்டிங் தொடங்கும்வரை இருவரும் விடவில்லை.

நான் அந்த அம்மா பக்கம். நுணுக்கங்களில் படம் அசத்துகிறது, மறுக்கவில்லை. குளூனி தன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இளம்பெண் நடாலியின் பெரிய பெட்டியைத் திறந்து, கழுத்துத் தலையணை முதற்கொண்டு தூக்கிப் போட வைத்துவிட்டு, பெட்டியை செக்-இன் செய்தால் ஒரு பயணத்துக்கு 35 நிமிடம் வீண் என்று கணக்குச் சொல்கிறானே, அது உண்மையான பயணி பேசும் பேச்சு. ஆனால் நன்றாகப் பயணம் செய்யத் தெரிந்தவன் என்றால் வீட்டை விட்டு ஓடுகிறவனாகத்தான் இருப்பான் என்று படம் முடிவு கட்டிவிடுகிறது. திங்கட்கிழமை விடியற்காலை விமானத்தில் இருக்கும் எங்கள் ஆட்களில் பலர் வீட்டுக்காகத்தான் ஏறுகிறார்கள். பிள்ளைக்குப் பள்ளி மாற்றக் கூடாது, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைத் திரும்ப இடம் மாற்றக் கூடாது, அதனால் அப்பா மட்டும் பறக்கிறார். அந்த ஆள் இந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

அட்லாண்டா, இயந்திர விற்பனை

நான் எதிர்க்கட்சி. எனக்குப் படம் ரொம்பப் பிடிக்கும்.

விமானக் கம்பெனிக் கணக்கில் ஒரு கோடி மைல் சேர்க்க வேண்டும் என்ற குளூனியின் லட்சியத்தைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். போன வருஷம் 3,50,000 மைல் பறந்ததாகப் படத்தில் சொல்கிறான். அதே வேகத்தில் போனால் 28 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் படத்தில் வரும் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அந்தக் காலத்தில் ஆயுள்கால மைல் கணக்கு வேறு மாதிரி. கிரெடிட் கார்டில் சேர்ந்ததும் ஹோட்டலில் சேர்ந்ததும்கூட அதில் ஏறும். 2011 கடைசியில்தான் பறந்த மைல் மட்டுமே என்று மாற்றினார்கள். மைல் சேராத எதற்கும் காசு செலவழிக்க மாட்டேன் என்று அவன் சொல்வது அன்றைய விதிக்குச் சரியான பேச்சு. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

ஒருமுறை சியாட்டில் விமானத்தில் என் வரிசையில் இருந்த பெரியவர் பத்து லட்சம் மைலைத் தொட்டார். விமானி மைக்கில் அறிவித்தார், எல்லாரும் கை தட்டினோம். அந்த மனிதர் எழுந்து நின்று நாலு பக்கமும் திரும்பி நன்றி சொன்னார். இறங்கும்போது பணிப்பெண் எழுதிக் கொடுத்த வாழ்த்துச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். வருஷக்கணக்காக ஒருவர் பட்ட பாட்டை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. அதை மரியாதையோடு காட்டிய படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மினியாபொலிஸ், திட்ட மேலாளர்

(கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஹோட்டல் பாரில் குளூனியும், அவனைப் போலவே வேலைக்காகப் பறக்கும் அலெக்ஸ் என்ற பெண்ணும் தங்கள் உறுப்பினர் கார்டுகளை மேஜையில் போட்டு ஒப்பிடும் காட்சியை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அதில் உள்ள சந்தோஷம் எனக்கும் தெரியும். ஒரு ஊரில் மாட்டிக்கொண்ட இரவில், எந்த நிலையத்தில் எந்த லவுஞ்சில் சூடான சாப்பாடு கிடைக்கும் என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு வெகுநேரம் பேசியிருக்கிறேன். இன்றைக்கும் நாங்கள் தொடர்பில் இருக்கிறோம்.

ஆனால் குளூனி, நடாலி, அலெக்ஸ் மூன்று பேரில் குடும்பத்தையும் பயணத்தையும் ஒருசேர நடத்துகிறவள் அலெக்ஸ் மட்டும்தான். அவளைத்தான் குடும்பம் இருப்பதை அவனிடம் மறைக்கும் பொய்க்காரி ஆக்கினார்கள். குளூனி சிகாகோவில் அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது திரையரங்கமே அவனுக்காகப் பரிதாபப்பட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீடும் வேலையும் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு நல்ல வழியைக் காட்ட அந்தக் கதையில் இடம் இல்லையா?

டெட்ராய்ட் பக்கம், கார் பாக வடிவமைப்பு

நீங்கள் எல்லாரும் மைல், கார்டு என்று பேசுகிறீர்கள். எனக்கு அது வேலையிலிருந்து தூக்கும் படம்.

அதில் வேலை போனவர்களாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நடிகர்கள் இல்லை. செயின்ட் லூயிஸிலும் டெட்ராய்டிலும் நிஜமாகவே வேலை இழந்தவர்கள். வேலை இழப்பு பற்றிய ஆவணப்படம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துக் கூப்பிட்டார் இயக்குநர் ஜேசன் ரைட்மேன். கேமரா முன்னால் அவர்களை மறுபடி ஒருமுறை வேலையை விட்டு நீக்கி, அன்றைக்குச் சொன்னதையோ சொல்ல நினைத்ததையோ சொல்லச் சொன்னார். அந்த முகங்களில் சிலர் எங்கள் பக்கத்து மனிதர்கள்.

நேரில் போகாமல் வீடியோவிலேயே ஆட்களை நீக்க நடாலி கண்டுபிடிக்கும் முறையை அப்போது கற்பனை என்றுதான் நினைத்தேன். 2020-ல் எனக்கு அப்படியேதான் நடந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம். திரையில் இரண்டு பேர், ஒருவர் எழுதி வைத்ததை வாசித்தார், அழைப்பு முடிந்ததும் லேப்டாப் பூட்டிக்கொண்டது. எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவனுக்கு அதற்குப் பிறகு 60 நாள்தான். அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். பெண் அப்போது இரண்டாம் வகுப்பு. நல்ல வேளை, கெடு முடியும் முன் வேலை கிடைத்தது.

விமானம் ஏறி வந்து எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று குளூனி சண்டை போடுகிறானே, அந்த ஒரு காரணத்துக்காகவே அவனுடைய பயணத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. இதை யாரும் எழுதவில்லையே என்றுதான் எழுதினேன்.

டாலஸ், மென்பொருள் ஆலோசகர்

டெட்ராய்ட் நண்பருக்கு: நீங்கள் சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. இயக்குநர் இந்தக் கதையைத் தொழில் செழித்திருந்த காலத்தில் எழுத ஆரம்பித்து, படம் எடுப்பதற்குள் 2008 பொருளாதாரச் சரிவு வந்துவிட்டது. அந்த முகங்கள் உள்ளே வந்தது அதனால்தான். படத்தின் அந்தப் பாதியை நானும் ஏற்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

வீட்டில் இருக்கும் துணைகள் யாராவது படம் பார்த்திருந்தால் சொல்லுங்களேன்.

சான் அன்டோனியோ, இல்லத்தரசி

என் கணவர் ஃபீனிக்ஸுக்குத் திங்கள் போய் வியாழன் இரவு வருவார். நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். கல்யாணமாகப் போகும் குளூனியின் தங்கை ஜோடியின் அட்டைப் படம் பெட்டிக்குள் அடங்காமல் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதை இழுத்துக்கொண்டு அலைவான். அதுவரை இவர் சிரித்துக்கொண்டே பார்த்தார். கல்யாண வீட்டில், எங்களைப் பொறுத்தவரை நீ இல்லாத மாதிரிதான் என்று கூடப்பிறந்தவளே சொல்வாள். அங்கே இவர் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

குடும்பத்துக்காகத்தான் பறக்கிறோம் என்கிறீர்கள், சரி. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை குடும்பம் இருக்கிறவரையும் தொடுகிறது. அந்த வாரத்திலிருந்து இவர் வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் போனை எடுப்பதில்லை. என் ஓட்டு படத்துக்குத்தான்.